கருத்தும் சகோதரனும்

கி.பி. 57-ஆம் ஆண்டையொட்டி, பவுலடிகள் கொரிந்து நகரிலிருந்து ரோமாபுரியில் வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கு ஒரு நீண்ட நிருபம் எழுதினார். இறைவனின் நீதி, விசுவாசம், அருள், மனிதனின் மீட்பு என்று ஆழ்ந்த தத்துவங்களை விளக்கிக்கொண்டு செல்லும் அந்த நிருபம், பதினான்காம் அதிகாரத்தை எட்டியதும் உணவறைக்குள் நுழைகிறது. காய்கறி மட்டும் உண்பதா, இறைச்சியும் உண்ணலாமா? ஒரு நாளைப் புனித நாளாக அனுசரிப்பதா, எல்லா நாட்களையும் ஒன்றாகவே கருதுவதா? இவைதாம் அங்கே சபையைக் கலக்கிக்கொண்டிருந்த கேள்விகள். விரதமும் உணவு நியமமும் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்ற நம் நாட்டினருக்கு இந்தச் சச்சரவின் தன்மை எளிதில் புரியும்.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். 49-ஆம் ஆண்டளவில் பேரரசர் கிளாடியஸ் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றினார். அவர்களுள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட யூதர்களும் இருந்தனர். 54-இல் பேரரசர் இறந்தபின் அவர்கள் திரும்பி வந்தபோது, யூதரல்லாதவர்களே சபையை நடத்தி வந்தனர். பழைய நியமங்களில் ஊறியவர்கள் ஒருபுறம். அந்த நியமங்களை அறியாமலே கிறிஸ்துவை அறிந்தவர்கள் மறுபுறம். கடைத்தெருவில் விற்ற இறைச்சி எப்படிக் கொல்லப்பட்டது, எந்தத் தெய்வத்திற்குப் படைக்கப்பட்டது என்று தெரியாது. எனவே முதல் பிரிவினர் பலர் காய்கறியோடு நிறுத்திக்கொண்டனர். மற்றவர்கள் அதைக் கண்டு நகைத்தனர்.

பவுலடிகள் இதை அணுகிய விதம் சிந்தனைக்குரியது. தமக்கு ஒரு கருத்து இல்லை என்று அவர் நடிக்கவில்லை. எந்த உணவும் தன்னளவில் தீட்டானதல்ல என்பதே தம் உறுதி என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆனால் அந்த உறுதியைக் கட்டளையாக்க அவர் மறுக்கிறார். இரு தரப்பினருக்கும் அவர் விடுக்கும் எச்சரிக்கை ஒன்றல்ல. உண்பவன் உண்ணாதவனை இகழக் கூடாது. உண்ணாதவன் உண்பவனுக்குத் தீர்ப்பு வழங்கக் கூடாது. மனித மனத்தை நுட்பமாக அறிந்தவரின் சொற்பகுப்பு இது. கட்டுப்பாடு மிக்கவனுக்கு வரும் நோய் தீர்ப்பு. சுதந்திரமாக இருப்பவனுக்கு வரும் நோய் இகழ்ச்சி. முன்னவன் தன்னை நீதிபதியாகவும் பின்னவன் தன்னை அறிவாளியாகவும் எண்ணிக்கொள்கிறான். சகோதரன் என்ற நிலையிலிருந்து இருவருமே ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறார்கள்.

இவ்வளவு சொன்னவர், ஒவ்வொருவனும் தன் மனத்தில் முழு நிச்சயம் உடையவனாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். ஆகவே அவர் கேட்கும் பணிவு, முடிவெடுக்க இயலாத மனத்தின் ஊசலாட்டமன்று. எதிலும் உறுதியில்லாதவன் பணிவுள்ளவனாகத் தோன்றலாம்; அவனிடம் பணிய வைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை.

அப்படியானால் எல்லா வேறுபாடுகளையும் இப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா? இதே பவுலடிகள் அந்தியோக்கியாவில் பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் நேருக்கு நேர் எதிர்த்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே அதைச் சொல்கிறார். அங்கும் விஷயம் உணவுதான்! யூதரல்லாத சகோதரர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகி அமர்ந்தார். ரோமாபுரியில் கேள்வி, தட்டில் என்ன இருக்கிறது என்பது. அந்தியோக்கியாவிலோ, பந்தியில் யார் அமரலாம் என்பது. முன்னதில் பவுலடிகள் விட்டுக்கொடுக்கச் சொன்னார். பின்னதில் தலைமைச் சீடரையும் விடவில்லை. கருத்துக்காகச் சகோதரனைத் தள்ளுவது கூடாது என்பதே இரண்டு இடங்களிலும் அவரை இயக்கிய நியதி.

‘என் கருத்து’ என்று சொல்லும்போது அழுத்தம் எந்தச் சொல்லின்மீது விழுகிறது என்பதைச் சாதகர்கள் கவனிக்க வேண்டும். உண்மையைத் தேடும்போது அழுத்தம் கருத்தின்மீது இருக்கும். விவாதம் சூடேற ஏற, அது சிறிது சிறிதாக நகர்ந்து ‘என்’ என்பதன்மீது போய் அமர்ந்துவிடும். வீடு, நிலம், பொருள் ஆகியவற்றைத் துறந்தவர்களிடமும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும் உடைமை இதுவே. அதிலும் சமயக் கருத்து என்றால், அகங்காரம் அங்கே பக்தியின் ஆடையை உடுத்திக்கொள்கிறது; தனக்காகப் பேசுபவன் கடவுளுக்காகப் பேசுவதாக நம்பிவிடுகிறான்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரு பெரும் போதகர்களிடையே இது நிகழ்ந்தது. ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே பிரார்த்தனைக் குழுவில் இருந்தவர்கள். 1739-இல் பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்த வெளியில் நற்செய்தி சொல்லத் தொடங்கிய ஒயிட்ஃபீல்டு, தம்மைவிடப் பதினோரு வயது மூத்த வெஸ்லியை வரவழைத்து அந்தப் பணியை ஒப்படைத்தார். விரைவிலேயே வேறுபாடு எழுந்தது. மீட்படைவோரை இறைவன் ஆதியிலேயே தேர்ந்துவிட்டான் என்பது ஒயிட்ஃபீல்டின் நம்பிக்கை. அருள் எல்லோருக்கும் தடையின்றித் திறந்திருக்கிறது என்பது வெஸ்லியின் நம்பிக்கை. அருளா, மனித விருப்பமா என்ற இந்தக் கேள்வி எந்தச் சமயத்தையும் விட்டுவைத்ததில்லை. முன்னவர், மீட்பின் பெருமை முழுவதும் இறைவனுக்கே உரியதாக வேண்டும் என்று விரும்பினார். பின்னவர், இறைவனின் கருணைக்கு எல்லை கட்டப்படக் கூடாது என்று விரும்பினார். இரண்டுமே பக்தியிலிருந்து பிறந்தவை.

அச்சிட வேண்டாம் என்று ஒயிட்ஃபீல்டு கேட்டுக்கொண்டிருந்தும், அவர் அமெரிக்கா சென்றபின் வெஸ்லி இதைப் பற்றிய தம் பிரசங்கத்தை வெளியிட்டார். ஒயிட்ஃபீல்டு 1740 டிசம்பர் 24 அன்று ஜார்ஜியாவிலிருந்த பெத்தஸ்தா அனாதை இல்லத்திலிருந்து மறுப்புக் கடிதம் எழுதினார், அதுவும் அச்சேறியது. இடையே, வெஸ்லிக்கு ஒயிட்ஃபீல்டு தனிப்பட்ட முறையில் எழுதிய வேறொரு கடிதத்தை யாரோ இருவரின் அனுமதியுமின்றி அச்சிட்டு, 1741 பிப்ரவரி முதல் நாளன்று லண்டனில் வெஸ்லியின் பிரார்த்தனைக் கூடத்தின் வாசலில் விநியோகித்தனர். வெஸ்லி ஒரு பிரதியுடன் மேடையேறினார். ஒயிட்ஃபீல்டு இங்கிருந்தால் என்ன செய்வாரோ அதையே தாமும் செய்வதாகக் கூறி, எல்லோர் முன்னிலையிலும் அதைக் கிழித்துப் போட்டார். பிரதி வாங்கியிருந்த ஒவ்வொருவரும் அவ்வாறே செய்தனர். சில நிமிடங்களில் அங்கே ஒரு முழுப் பிரதிகூட மிஞ்சவில்லை.

ஒயிட்ஃபீல்டின் மறுப்புக் கடிதத்தில் ஒரு தவறு இருந்தது. வெஸ்லி முன்பு ஒரு சமயம் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவெடுத்த அந்தரங்கச் செய்தியை அவர் அதில் ஊரறியச் செய்துவிட்டார். பின்னர் அதற்காக வெஸ்லியிடம் மன்னிப்புக் கேட்டார். தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நண்பரின் அந்தரங்கத்தை ஆயுதமாக்கியதற்கே வருந்தினார். கருத்தை விடாமலே கருத்தைச் சொன்ன விதத்திற்காக மன்னிப்புக் கேட்க முடியும் என்பதைச் சமய விவாதம் புரிவோர் பலர் அறிந்ததாகத் தெரியவில்லை.

சபைகள் இரண்டாகப் பிரிந்தன. நட்பு மீண்டும் துளிர்த்தது. தாம் அயல்நாட்டில் இறந்தால் நினைவுப் பிரசங்கம் செய்ய வேண்டியவர் வெஸ்லியே என்று ஒயிட்ஃபீல்டு சொல்லி வைத்திருந்தார். 1770 செப்டம்பர் 30 அன்று அவர் அமெரிக்காவின் நியூபெரிபோர்ட்டில் மறைந்தார். நவம்பர் 18 அன்று, ஒயிட்ஃபீல்டைப் பின்பற்றியவர்கள் நிறைந்த லண்டன் தேவாலயத்தில் அறுபத்தேழு வயது வெஸ்லி அந்தப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதே ஆண்டு இதே கொள்கையைக் குறித்து டாப்லடி என்ற போதகருடன் அவர் நடத்திய அச்சுப்போர் கடுமையும் ஏளனமும் நிறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை வந்த பணிவு எல்லாக் காலத்திற்கும் தங்கிவிடுவதில்லை.

இவர்களின் வரலாற்றில் மனத்தை உறுத்தும் மற்றொன்றும் உண்டு. ஜார்ஜியாவில் தொடக்கத்தில் அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்தது. அனாதை இல்லத்தை நடத்தப் பொருள் வேண்டுமே என்று, அந்தத் தடையை நீக்கும்படி வேண்டியவர்களுள் ஒயிட்ஃபீல்டும் ஒருவர். 1751-இல் தடை நீங்கியது. பெத்தஸ்தாவின் நிலங்களில் அடிமைகள் உழைத்தனர். அவர் தம் உயிலில் இல்லத்தோடும் நிலத்தோடும் அவர்களையும் ஒரு சீமாட்டிக்கு எழுதி வைத்தார். இரண்டு நண்பர்களும் உலகறிய மோதியது ஆதியில் இறைவன் யாரைத் தேர்ந்தான் என்பதைப் பற்றி. கண்முன் விற்கப்பட்ட மனிதர்களைப் பற்றியன்று. வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்து நூல் வெளியிட்டது 1774-இல், நண்பர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே. அதற்கு அவரைத் தூண்டியது, 1772-இல் அவர் படித்த அந்தோணி பெனிசெட் என்பவரின் நூல். பெனிசெட் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த குவேக்கர். அங்கே இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகவே ஒரு சபையை உள்ளிருந்து அசைத்துக்கொண்டிருந்தது.

பணிவுக்கு எதிராக எழும் வலிமையான ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. உணவு, நாள், தத்துவம் ஆகியவற்றில் பணிந்து போகலாம். ஒருவனின் கருத்து மற்றொருவனின் வாழ்வையே பறிக்கும்போதும் பணிவு பேசினால் அது கோழைத்தனம் ஆகாதா?

குவேக்கர்களின் சபைக் கூட்டம் தனித்தன்மை வாய்ந்தது. வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளத்தில் உந்துதல் பெற்றவர் எழுந்து பேசிவிட்டு அமர்வார், மீண்டும் மௌனம். கூட்டத்தின் ஒருமித்த உணர்வு எதுவோ அதை எழுத்தர் குறித்து வாசிப்பார். ஒருமை தோன்றாவிட்டால் விஷயம் ஒத்திவைக்கப்படும். கேட்க அழகான முறைதான். ஆனால் அடிமைகளை வைத்திருந்த செல்வந்தர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தனர். எனவே ஒருமை தோன்றவே இல்லை. விஷயம் பல்லாண்டுகள் ஒத்திவைக்கப்பட்டது.

பெஞ்சமின் லே என்பவரால் இதைப் பொறுக்க முடியவில்லை. நான்கடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமும் கூனிய முதுகும் கொண்ட அவர், 1738-இல் பர்லிங்டன் நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்திற்கு, சிவந்த பழச்சாறு நிரம்பிய பை ஒன்றை உட்குடைந்த புத்தகத்தில் மறைத்துக்கொண்டு வந்தார். அடிமை வைத்திருப்பவர்களைக் கண்டித்துப் பேசிக்கொண்டே அதை வாளால் குத்தினார். இரத்தம் போன்ற சாறு அருகிலிருந்தவர்கள்மீது தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே விட்டனர். சபையும் அவரைத் தன் உறுப்பினரல்ல என்று விலக்கியது. அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை. அவருடைய கோபத்தைக் குறைகூறும் தகுதி, அன்று அமைதியாக அமர்ந்திருந்தவர்களுக்கு இருந்ததாகவும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சபையை உள்ளிருந்து மாற்றியவர்களுள் முதன்மையானவர் வேறு விதமான மனிதர். நியூஜெர்சியின் மவுண்ட் ஹாலியில் தையல் தொழில் செய்து வாழ்ந்த ஜான் வுல்மன் 1720-இல் பிறந்தவர். இளமையில் ஒரு கடையில் பணியாற்றியபோது, முதலாளி தாம் விற்றுவிட்ட ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிரயப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குபவரோ வயது முதிர்ந்த குவேக்கர், காத்துக்கொண்டிருந்தார். வுல்மன் மனம் கலங்கியபடியே எழுதிக் கொடுத்தார். எழுதிய பின், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்றே தாம் நம்புவதாக இருவரிடமும் சொன்னார். சில காலத்திற்குப் பின் வேறொரு குவேக்கர் இளைஞர் இதேபோல் எழுதித் தரக் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார். அந்த இளைஞரோ தமக்கும் இதில் மனநிறைவில்லை என்று ஒப்புக்கொண்டார்!

இதுவே அவரது வழியாயிற்று. உடலில் காயமுற்றிருந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தம் உயிலை எழுதித் தரக் கேட்டார். தம் அடிமைப் பெண்ணை யாருக்கு விட்டுச் செல்வது என்பதும் அதில் அடக்கம். வுல்மன் மற்றவற்றையெல்லாம் எழுதினார்; அந்த ஒரு பகுதியை மட்டும் எழுதாமல் படுக்கையருகே கொண்டு சென்றார். சக மனிதரை அடிமையாக்கும் பத்திரத்தை எழுதினால் தம் மனம் அமைதி இழந்துவிடும் என்று நட்புடன் எடுத்துரைத்தார். எழுதியவரைக்கும் கூலி வேண்டாம் என்றார். இருவரும் இதைப் பற்றி ஆழ்ந்து பேசினர். முடிவில், அந்தப் பெண்ணை விடுவிக்க நோயாளி இசைந்தார். வுல்மன் உயிலை எழுதி முடித்தார். ‘நீர் பாவி’ என்று அவர் சொல்லவில்லை, ‘என்னால் இயலாது’ என்றே சொன்னார் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. அந்தச் சொல்லில் உறுதி சிறிதும் குறையவில்லை. ஆனால் அது எதிரில் இருப்பவரின் மனசாட்சிக்கு இடம் விட்டது.

1746-இல் தென் குடியேற்றங்களில் பயணம் செய்து திரும்பிய அவர், அடிமை முறை பற்றிய தம் சிந்தனைகளை எழுதினார். அது அச்சானது 1754-இல்தான். அதுவும் சபையின் அச்சகப் பொறுப்பாளர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்பு. எட்டு ஆண்டுகள்! 1757-இல் மீண்டும் தெற்கே சென்றபோது, செல்வந்தரான சகோதரர்கள் அவரை அன்புடன் உபசரித்தனர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த விருந்தை இலவசமாக உண்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. விருந்தையும் அவர் மறுக்கவில்லை, வீட்டையும் புறக்கணிக்கவில்லை. புறப்படும்போது வெள்ளிக் காசுகளை எடுத்து, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளிடம் சேர்ப்பித்தார். சில இடங்களில் வீட்டுக்காரரிடமே கொடுத்து அவர்களுக்கு வழங்கச் சொன்னார். காசை நீட்டியவருக்கும் வாங்கியவருக்கும் அது எவ்வளவு சங்கடமான கணமாக இருந்திருக்கும்!

1758-இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டத்தில் இந்த விஷயம் மீண்டும் எழுந்தது. இறைவன் தக்க காலத்தில் வழிகாட்டும்வரை பொறுத்திருக்கலாம் என்று சிலர் கூறினர். பொறுமை என்ற நற்பண்பையே கேடயமாகப் பிடிப்பது எளிது. பெரும்பொழுது மௌனமாக இருந்த வுல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரலை இறைவன் கேட்டுவிட்ட நிலையில், தங்கள் சொந்த நலனையும் சிலரின் நட்பையும் எண்ணித் தாமதிப்பது அவனுடைய நீதியின் முன் ஆபத்தானது என்று சொல்லி அமர்ந்தார். அந்தக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கேற்கக் கூடாது என்று தீர்மானித்தது. அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகச் சந்தித்துப் பேசச் சிலரை நியமித்தது. வுல்மனும் அதில் ஒருவர். முதியவராகிவிட்ட பெஞ்சமின் லே இந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். மறு ஆண்டு காலமானார். 1776-இல் அதே சபை, அடிமை வைத்திருப்போர் உறுப்பினராகவே இருக்க முடியாது என்று முடிவு செய்தது. வுல்மன் அப்போது உயிருடன் இல்லை.

1770-ஐ ஒட்டி அவர் கடும் நோயில் கிடந்தபோது கண்ட காட்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். துன்புறும் மனிதர்களின் பெருந்திரளில் தாமும் ஒருவராகக் கலந்துபோவதை அவர் கண்டார். பின்னர் ஒரு குரல், அவருடைய பெயரையே சொல்லி, அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. உயிரோடிருக்கும் தமக்கு இது என்ன என்று முதலில் அவர் வியந்தார். மடிந்தது தம் சுய விருப்பம் என்று பின்னர் புரிந்துகொண்டார். ‘என்’ என்பது இறந்த இடத்தில் கருத்து இறக்கவில்லை. அது இன்னும் தெளிவாகப் பேசியது.

தமக்கு மட்டும் உரியது எது, எல்லோர்மீதும் கடமையாவது எது என்பதையும் அவர் பிரித்தறிந்திருந்தார். சாயமேற்றிய துணி வேண்டாம் என்று அவருக்கு உள்ளுணர்வு எழுந்தது. சாயம் அழுக்கை மறைக்கிறது, துணியையும் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். சாயமற்ற ஆடையும் தொப்பியும் அணிந்தார். அப்போது வெண்ணிறத் தொப்பி நாகரிகமாகிக்கொண்டிருந்ததால், அவர் நாகரிகத்தைப் பின்பற்றுகிறார் என்றுகூடச் சிலர் எண்ணி ஒதுங்கினர்! அது அவருக்கு வேதனை தந்தது. ஆயினும் அடிமை முறையை எதிர்த்துச் சபை முழுவதையும் வேண்டிய அதே மனிதர், தம் தொப்பியை அணியுமாறு எவரையும் வற்புறுத்தவில்லை.

1772-இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வசதியான அறையை மறுத்து, மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். லண்டன் ஆண்டுக் கூட்டத்திற்குள் அவர் நேரே நுழைந்தபோது, அந்த விசித்திரமான உடையைக் கண்டு சபையோர் திகைத்தனர் என்று குவேக்கர்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர் கொண்டுவந்த சான்றுக் கடிதம் வாசிக்கப்பட்டது. இறைவனுக்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமம் ஏற்கப்பட்டது என்று எண்ணி, இனி அவர் அமைதியாகத் தாயகம் திரும்பலாம் என்றார் ஒருவர். வுல்மனின் கண்களில் நீர் துளிர்த்தது. சிறிது நேர மௌனத்திற்குப் பின் எழுந்தார். வந்த பணியிலிருந்து தமக்கு விடுதலை கிடைத்ததாக உள்ளத்தில் தோன்றவில்லை என்றார். அதேசமயம் சபையின் இசைவின்றித் தாம் அந்தப் பணியை மேற்கொள்ள முடியாது என்றும் சொன்னார். அந்த இசைவு வரும்வரை எவருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை. தமக்குத் தையல் தெரியும், யாரேனும் வேலை கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டு அமர்ந்தார்.

கூடம் நெடுநேரம் மௌனத்தில் இருந்தது. பின்னர் வுல்மன் மீண்டும் எழுந்து, உள்ளம் உந்தியபடி சில சொற்கள் பேசினார். அவர் அமர்ந்ததும், திரும்பிப் போகச் சொன்ன அந்த மனிதரே எழுந்து, தம் தயக்கம் நீங்கிவிட்டது என்றார்.